சடாமாஞ்சில்: இமயத்து வேரின் வணிகமும் எதிர்காலமும்

கூந்தல் தைலங்களிலும் தூப வகைகளிலும் சித்த, ஆயுர்வேத மருந்துகளிலும் சேர்க்கப்படும் சடாமாஞ்சில், பெரும்பாலான தமிழர்களுக்கு நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் ஒரு சிறு பொட்டலமாகவே அறிமுகமானது. அப்பொட்டலத்தில் உள்ள வேர் தமிழகத்திலோ இலங்கையிலோ விளைவதில்லை. இமயமலையில் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 முதல் 5,000 மீட்டர் வரையான உயரத்தில், மரங்கள் வளராத புல்வெளிகளிலும் பாறைச் சரிவுகளிலும் அது தானாக முளைக்கிறது. அங்கிருந்து அதைத் தோண்டி எடுப்பவர்கள் நேபாளத்தின் மிக வறிய மாவட்டங்களைச் சேர்ந்த மக்கள்.

உலகில் மருந்தாகப் பயன்படுவதாகப் பதிவு செய்யப்பட்ட தாவர இனங்கள் குறைந்தது 28,187 என, லண்டன் கியூ தாவரவியல் பூங்கா 2017-ல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. சந்தைக்கு வரும் மருத்துவத் தாவர இனங்களில் பெரும்பான்மையானவை இன்றும் பயிரிடப்படுவன அல்ல, காட்டிலிருந்து சேகரிக்கப்படுவன. இந்தியாவில் மட்டும் 1,178 மருத்துவத் தாவர இனங்கள் வணிகத்தில் இருப்பதாகவும், அவற்றுள் 242 இனங்கள் ஆண்டொன்றுக்கு 100 தொன்னுக்கு மேல் பயன்படுத்தப்படுவதாகவும் 2017-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வொன்று கணக்கிட்டது.

இவ்வணிகம் நீடிக்குமா என்ற கேள்வி சடாமாஞ்சிலைப் பொறுத்தவரை மிகக் கூர்மையாக எழுகிறது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில், 2014-ல் செய்யப்பட்ட மதிப்பீட்டின்படி, அது மிகக் கடுமையான அழிவு அபாயத்திலுள்ள இனமாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. காட்டில் முற்றாக அற்றுப்போகும் நிலைக்கு முந்தைய படி அது. இத்தனைக்கும் இந்தத் தாவரத்தைக் காப்பதற்கென உடன்படிக்கைகளும் சட்டங்களும் தடைகளும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக இருந்து வருகின்றன. அவை ஏன் போதவில்லை என்பதே ஆராயப்பட வேண்டிய விடயம்.

முசிறித் துறைமுகத்திலிருந்து

சடாமாஞ்சிலின் வணிகம் புதியதன்று. கி.பி. முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடல் வழிப் பயண நூலான பெரிப்ளூஸ், சேர நாட்டின் முசிறியிலிருந்து மேற்கே ஏற்றுமதியான பொருள்களுள் கங்கைப் பகுதியின் நார்டு என்ற நறுமணப் பொருளையும் குறிப்பிடுகிறது. வியன்னாவில் பாதுகாக்கப்பட்டுவரும் இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த முசிறிப் பாப்பிரஸ் ஆவணத்தில், ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்குகளுள் ஒன்றாக இதே பொருள் இடம்பெற்றுள்ளது. அறிஞர்கள் பலர் இதனை இமயத்துச் சடாமாஞ்சில் என்றே கொள்கின்றனர்.

விவிலியத்தின் தமிழ் மொழிபெயர்ப்பில் நளததைலம் என வரும் விலையுயர்ந்த பரிமளமும் இதுவே எனக் கருதப்படுகிறது. அதன் மதிப்பு முந்நூறு தெனாரியத்துக்கும் மேல் என மாற்கு நற்செய்தி குறிப்பிடுகிறது. அக்காலத்தில் ஒரு கூலியாளின் ஒரு நாள் ஊதியம் ஒரு தெனாரியம் என்பதை வைத்துப் பார்த்தால், ஏறத்தாழ ஓர் ஆண்டு உழைப்பின் விலை அது.

இமயத்தின் உச்சியில் கிடைத்த ஒரு வேர் கங்கைச் சமவெளி வழியாகத் தென்னிந்தியத் துறைமுகத்தை அடைந்து ரோமாபுரிக்குச் சென்றது என்றால், அதை வாங்கியவருக்கும் தோண்டியவருக்கும் இடையே எத்தனை கைகள் இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். அந்த இடைவெளி இன்றும் குறையவில்லை.

மலையிலிருந்து மண்டிக்கு

நேபாளத்தின் மேற்குப் பகுதியிலுள்ள ஜும்லா, ஹும்லா, முகு, டோல்பா, பஜாங் போன்ற மாவட்டங்களிலிருந்தே சடாமாஞ்சில் பெருமளவில் சந்தைக்கு வருகிறது. இவற்றுள் பல, நிலத்தில் விளைவது ஆண்டு முழுவதற்கும் போதாத மாவட்டங்கள். ஹும்லாவின் தலைமையிடமான சிமிகோட்டை விமானத்தின் மூலமோ நடந்தோ மட்டுமே அடையக்கூடிய நிலை நெடுங்காலம் நீடித்தது. இத்தகைய இடத்தில் அரிசிக்கும் உப்புக்கும் துணிக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் தேவையான ரொக்கப் பணத்தைத் தரும் வழிகள் மிகச் சில. மூலிகை அவற்றுள் ஒன்று. நிலம் குறைந்த குடும்பங்களே அதை அதிகம் நம்பியிருக்கின்றன.

மழைக்காலம் முடிந்ததும் மலையேறுபவர்கள், மேய்ச்சல் வெளிகளில் கூடாரமிட்டுத் தங்கிச் சிறு கொத்துகளால் வேரைத் தோண்டுகின்றனர். உலர்த்தி மண் உதிர்த்த வேர், கிராமத்து வியாபாரியிடமோ அவரது முகவரிடமோ செல்கிறது. பல இடங்களில் அந்த வியாபாரி அறுவடைக்கு முன்பே பணமோ பொருளோ முன்கடனாகக் கொடுத்திருப்பார். கடன் பெற்றவர் விலை பேசும் நிலையில் இருப்பதில்லை.

கோவேறு கழுதைகளிலும் ஆட்டு மந்தைகளின் முதுகிலும் சாலை முனை வரை வரும் சரக்கு, அங்கிருந்து இந்திய எல்லையருகே உள்ள நேபாள்கஞ்ச் நகருக்குச் செல்கிறது. நேபாளத்தின் மூலிகை வணிகத்திற்கு அதுவே தலைவாசல். எல்லைக்கு அப்பால் டில்லியின் காரி பாவ்லி போன்ற மொத்தச் சந்தைகள் உள்ளன. அங்கு வந்து சேரும்போது பல மாவட்டங்களின் வேர்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஒரு மூட்டை எந்தச் சரிவில் தோண்டப்பட்டது, எந்த மாதத்தில், எந்த முறையில் என்பதைக் கூற யாராலும் முடியாது. பூதகேசி எனப்படும் வேறொரு மலைச்செடியின் வேர் சடாமாஞ்சிலுடன் கலக்கப்படுவதும் உண்டு.

வணிகச் சங்கிலியில் இது சிறு குறைபாடாகத் தோன்றலாம். ஆனால் விளைவு பெரிது. பொறுத்திருந்து முற்றிய வேரை எடுத்தவருக்கும், பருவத்திற்கு முன்பே சென்று வேரோடு வாரி வந்தவருக்கும் சந்தை ஒரே விலையைத்தான் தருகிறது. நிதானத்திற்கு விலை இல்லாத சந்தையில் முந்திக்கொள்பவரே இலாபமடைகிறார்.

எவ்வளவு எடுக்கலாம்?

சடாமாஞ்சில் ஒரு சிறு பூண்டு. இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பூக்களைக் கொண்டது. நிலத்தடித் தண்டின் மேல் பழைய இலைக்காம்புகளின் நார்கள் சடைபோலத் திரண்டிருப்பதால் அதற்கு அப்பெயர் வந்தது. மணமும் மருந்துச் சத்தும் அந்த நிலத்தடிப் பகுதியில்தான் உள்ளன. காய்ந்த வேர் நூறு கிலோவிலிருந்து ஒன்று முதல் இரண்டு கிலோ அளவுக்கே எண்ணெய் வடிக்க முடியும்.

காயைப் பறித்தால் மரம் நிற்கும். வேரைத் தோண்டினால் செடியே போய்விடும். வேர்மருந்துகள் அனைத்திற்கும் பொதுவான இந்த இடர், குளிர்மிகு உயரங்களில் இன்னும் கடுமையாகிறது. அங்கே வளர்ச்சிக்கு உகந்த காலம் ஆண்டில் சில மாதங்களே. விதையிலிருந்து முளைத்து நிலைபெறும் கன்றுகள் குறைவு. நிலத்தடித் தண்டு கிளைத்துப் பரவுவதன் மூலமே செடி பெரிதும் பெருகுகிறது. அந்தத் தண்டையே எடுத்துவிட்டால் இழப்பை ஈடுசெய்ய நெடுங்காலம் பிடிக்கும்.

டோல்பாவிலுள்ள ஷே போக்சுண்டோ தேசியப் பூங்காப் பகுதியில், நேபாளத்தின் திரிபுவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாவரவியலாளர் சுரேஷ் கிமிரேயும் அவரது சக ஆய்வாளர்களும் 2000-களில் நடத்திய ஆய்வுகள் இதற்கு எண்ணளவிலான விடையைத் தேடின. ஓரிடத்தில் உள்ள செடிகளில் பத்து விழுக்காட்டுக்கு மேல் எடுப்பது ஆபத்தானது, ஒருமுறை எடுத்த இடத்தில் மீண்டும் தோண்டுவதற்குக் குறைந்தது ஐந்து ஆண்டுகளாவது விட வேண்டும் என்பதே அவர்கள் முன்வைத்த அளவுகோலின் சாரம். பாறைப் பகுதி, புல்வெளி என இடத்திற்கு இடம் மீட்சியின் வேகம் வேறுபடுவதையும் அவர்கள் கண்டறிந்தனர்.

அப்பகுதியில் திபெத்திய மரபு மருத்துவர்களான ஆம்சிகள் நெடுங்காலமாக இவ்வேரைப் பயன்படுத்தி வருகின்றனர். நோயாளிகளுக்குத் தேவையான சிறு அளவை, முற்றிய பருவத்தில், தெரிந்த இடங்களில் எடுப்பது அவர்கள் வழக்கம். தொலைவிலுள்ள சந்தைக்காக மூட்டைக் கணக்கில் தோண்டுவது வேறு வகையானது. ஆக, எடுக்கத்தக்க அளவும் முறையும் பற்றிய அறிவு அறிவியலிடமும் இருக்கிறது, மரபிடமும் இருக்கிறது. அதைக் கடைப்பிடிக்க வைப்பது எது என்பதே சிக்கல்.

பட்டியல்களும் தடைகளும்

1997-ல் ஜிம்பாப்வேயின் ஹராரேயில் நடந்த மாநாட்டில், இந்தியாவின் முன்மொழிவின் பேரில், சடாமாஞ்சில் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அழிவை எதிர்நோக்கும் விலங்குகள், தாவரங்கள் ஆகியவற்றின் சர்வதேச வணிகத்தை ஒழுங்குபடுத்தும் உடன்படிக்கை அது. இரண்டாம் பட்டியல் என்பது தடைப் பட்டியல் அன்று. ஏற்றுமதி செய்யும் நாட்டின் அறிவியல் அதிகார அமைப்பு, அந்த ஏற்றுமதியால் காட்டிலுள்ள இனத்திற்குக் கேடு விளையாது என உறுதி கூறிய பின்பே அனுமதி வழங்கப்பட வேண்டும் என்பதே அதன் சாரம்.

அவ்வாறு உறுதி கூற வேண்டுமானால், காட்டில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு எடுக்கப்படுகிறது, எவ்வளவு மீண்டும் வளர்கிறது என்பன தெரிந்திருக்க வேண்டும். ஐயாயிரம் மீட்டர் உயரம் வரை சிதறிக் கிடக்கும் ஒரு பூண்டைக் கணக்கெடுப்பது எந்த அரசுக்கும் எளிதன்று. நேபாளம் 1975-லேயே சைட்டீஸில் இணைந்த போதிலும், அதை நடைமுறைப்படுத்துவதற்கான தனிச் சட்டத்தை 2017-ல்தான் இயற்றியது.

இந்தியா 1998-ல், காட்டிலிருந்து எடுக்கப்பட்ட 29 தாவரங்களின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. சடாமாஞ்சிலும் செம்மரமும் அகிலும் அப்பட்டியலில் இருந்தன. நேபாளமோ, சடாமாஞ்சிலைப் பதப்படுத்தாத நிலையில் ஏற்றுமதி செய்வதைத் தடுத்தது. வேராக விற்காமல் எண்ணெயாக வடித்து விற்றால், வேலைவாய்ப்பும் வருமானமும் நாட்டிற்குள்ளேயே தங்கும் என்பது அதன் நோக்கம்.

நோக்கம் நியாயமானதே. ஆனால் நேபாளத்திற்கும் இந்தியாவிற்கும் இடையே உள்ளது 1,700 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள திறந்த எல்லை. வேருக்கான தேவை தெற்கே தொடர்ந்து இருக்கும்போது, தடையால் வணிகம் நிற்பதில்லை, கணக்கிலிருந்து மறைகிறது. கணக்கில் வராத சரக்கை அரசால் அளக்க முடியாது. அளக்க முடியாததற்கு அறிவியல் உறுதியும் வழங்க முடியாது. மறைமுக வணிகத்தின் இடரை ஈடுகட்ட வியாபாரி குறைக்கும் தொகை, இறுதியில் தோண்டியவரின் பங்கிலிருந்தே கழிகிறது.

சைட்டீஸ் பதிவிலேயே இன்னொரு விலக்கும் உள்ளது. சில்லறை விற்பனைக்கெனச் சிப்பமிட்டு முடிக்கப்பட்ட பொருள்களுக்கு அதன் கட்டுப்பாடு பொருந்தாது. மூட்டையாகவோ பீப்பாயில் எண்ணெயாகவோ எல்லை தாண்டும் சடாமாஞ்சிலுக்கு அனுமதிப் பத்திரம் தேவை. அதுவே தைலப் புட்டியாகவோ மாத்திரைக் குப்பியாகவோ மாறிவிட்டால் தேவையில்லை. இந்த விலக்கு இல்லையென்றால் ஒவ்வொரு பயணியின் பெட்டியையும் சோதிக்க வேண்டியிருக்கும். இருப்பினும், வாங்குபவர் கையில் எடுக்கும் பொருளுக்கும் அது பிறந்த மலைக்கும் இடையிலான கடைசித் தடயமும் இங்கே அறுபட்டுவிடுகிறது.

மேய்ச்சல் நிலம் யாருடையது?

சடாமாஞ்சிலின் நெருக்கடியைப் பலரும் பேராசையின் விளைவாகவோ அறியாமையின் விளைவாகவோ விளக்குகின்றனர். நிலத்தின் மீதான உரிமையின் வரலாற்றைப் பார்த்தால் வேறொரு சித்திரம் தெரிகிறது.

இமயத்தின் உயர்ந்த மேய்ச்சல் வெளிகளை அடுத்துள்ள கிராமங்கள் தமக்குள் எல்லை வகுத்து, எப்போது மந்தைகளை ஏற்றுவது, எப்போது இறக்குவது என்ற வழக்காறுகளோடு நிர்வகித்து வந்தன. நேபாள அரசு 1957-ல் தனியார் காடுகளையும், 1970-களின் நடுப்பகுதியில் மேய்ச்சல் நிலங்களையும் சட்டத்தின் மூலம் தேசவுடைமையாக்கியது. ஏட்டளவில் நிலம் அரசினுடையதாயிற்று. அந்த உயரங்களில் காவல் காக்கும் ஆள்பலம் அரசிடம் இல்லை. அயலாரைத் தடுக்கும் சட்ட உரிமை கிராமத்திடமும் இல்லாமற் போயிற்று. எல்லோருக்கும் உரியது என்பது, முதலில் வருபவருக்கு உரியது என்றானது.

அனுமதி முறையும் இதற்கு மாற்றாக அமையவில்லை. வன அலுவலகம் வழங்கும் சேகரிப்பு அனுமதியும் கிலோ கணக்கில் வசூலிக்கும் உரிமைக் கட்டணமும் அளவைச் சார்ந்தவை. குறிப்பிட்ட ஒரு சரிவைப் பேணும் பொறுப்பைச் சார்ந்தவை அல்ல. அனுமதி பெறுபவர் பெரும்பாலும் வியாபாரி. மலையில் தோண்டுபவரின் பெயர் அப்பத்திரத்தில் இருப்பதில்லை.

1996 முதல் 2006 வரை நேபாளத்தில் நடந்த உள்நாட்டுப் போரின்போது, மேற்கு மலை மாவட்டங்களில் மாவோயிஸ்டுகளும் மூலிகை வணிகத்தின் மீது வரி விதித்தனர். ஒரே மூட்டைக்கு இரு அதிகாரங்களுக்கு வரி கட்டப்பட்டது. எந்த அதிகாரமும் வேரின் மீட்சிக்குப் பொறுப்பேற்கவில்லை.

இத்தகைய சூழலில், ஐந்து ஆண்டுகள் காத்திருங்கள் என்று சேகரிப்பவரிடம் கூறுவது எளிது. அவர் விட்டுவைக்கும் செடியை அடுத்த வாரமே வேறொருவர் எடுத்துச் செல்வார் என்பது அவருக்குத் தெரியும். அந்நிலையில் அவசரமாகத் தோண்டுவது அறியாமையன்று. தம் நிலைமையைச் சரியாகக் கணித்தவரின் முடிவு அது.

சமூகக் காடுகளின் அனுபவம்

1993-ல் நிறைவேறிய நேபாள வனச் சட்டம் இந்த நிலையை ஓரளவு மாற்றியது. உள்ளூர் மக்கள் குழுவாகப் பதிவு செய்துகொண்டு, ஒப்புதல் பெற்ற செயல்திட்டத்தின்படி அருகிலுள்ள காட்டை நிர்வகிக்கவும் அதன் விளைபொருள்களை விற்கவும் அச்சட்டம் வழிவகுத்தது. இன்று நாடெங்கும் இத்தகைய குழுக்கள் 22,000-க்கும் அதிகமாக உள்ளன. தாழ்ந்த மலைகளில் வெறுமையாகிக் கிடந்த சரிவுகள் மீண்டும் பசுமையானதற்கு இவையே முதன்மைக் காரணம் எனப் பரவலாக ஒப்புக்கொள்ளப்படுகிறது.

உயர்மலை மூலிகைகளுக்கும் இதே முறையைப் பொருத்தும் முயற்சி 1990-களில் தொடங்கியது. ஹும்லாவில், காத்மாண்டுவைத் தளமாகக் கொண்ட ஆன்சாப் என்ற அமைப்பின் துணையுடன், சடாமாஞ்சிலிலிருந்து எண்ணெய் வடிக்கும் ஆலை அமைக்கப்பட்டது. சமூகக் காட்டைப் பகுதிகளாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பகுதியை மட்டும் திறந்து, மற்றவற்றை மூடிவைக்கும் சுழற்சி முறை பல குழுக்களின் செயல்திட்டங்களில் இடம்பெற்றது. விதை உதிர்ந்த பின்பே தோண்டுவது, முற்றிய செடியை மட்டும் எடுப்பது, இளஞ்செடிகளை விடுவது, எடுத்த குழியை மண்ணிட்டு மூடுவது ஆகியன விதிகளாயின.

2005-ல் தோலகா, பஜாங் மாவட்டங்களின் சமூகக் காடுகள் சிலவற்றிற்கு, நீடித்த வன நிர்வாகத்திற்கான சர்வதேசச் சான்றிதழை எஃப்.எஸ்.சி. அமைப்பு வழங்கியது. எளிய மலைக் கிராமங்கள் அத்தகைய தர நெறிகளை எட்ட முடியும் என்பதற்கு அது சான்றாயிற்று.

குறைபாடுகளும் வெளிப்பட்டன. சடாமாஞ்சில் வளரும் இடங்களில் கணிசமானவை மரக்கோட்டுக்கு மேலே, சமூகக் காடுகளாக ஒப்படைக்கப்பட்ட எல்லைகளுக்கு அப்பால் இருக்கின்றன. குழுவின் விதி செல்லுபடியாகும் இடம் கீழே; வேர் கிடைக்கும் இடம் மேலே. குழுக்களுக்குள்ளும் சமத்துவம் தானாக வந்துவிடவில்லை. நிலமுள்ளவர்களும் உயர் சாதியினரும் நிர்வாகக் குழுவில் அமர்வதும், மூலிகையை நம்பிப் பிழைக்கும் தலித் குடும்பங்களும் பெண்களும் முடிவெடுக்கும் இடத்திற்கு வெளியே நிற்பதும் ஆய்வுகளில் திரும்பத் திரும்பச் சுட்டப்பட்டுள்ளன. சேகரிப்பை மூடும் முடிவு ஒருவருக்குப் பாதுகாப்பு நடவடிக்கை. மற்றொருவருக்கு அந்த ஆண்டின் வருமான இழப்பு.

சான்றிதழ் என்ற வழி

நுகர்வோர் தரும் விலையின் ஒரு பகுதியைப் பொறுப்புள்ள சேகரிப்புக்கு ஊதியமாகத் திருப்புவது மற்றொரு வழி. காட்டு மருத்துவ, நறுமணத் தாவரங்களின் நீடித்த சேகரிப்புக்கான சர்வதேச நெறிமுறை 2007-ல் வெளியானது. பின்னர் அது ஃபேர்வைல்ட் என்ற தர நெறியுடன் இணைக்கப்பட்டது. 2010-ல் வெளியான அதன் இரண்டாம் பதிப்பு 11 கோட்பாடுகளைக் கொண்டது. இனத்தின் இருப்பைக் கணக்கிடுதல், எடுக்கத்தக்க அளவை வரையறுத்தல் ஆகியவற்றோடு, சேகரிப்பவரின் வழக்காற்று உரிமை, நியாயமான விலை, குழந்தைத் தொழிலாளர் இன்மை போன்றனவும் அதில் அடங்கும். வாங்குபவர் விலைக்கு மேல் செலுத்தும் கூடுதல் தொகை, சேகரிப்பவர்களின் பொது நிதிக்குச் செல்ல வேண்டும் என்பதும் விதி.

இதன் பயனைக் காட்டும் எடுத்துக்காட்டு ஒன்று, மகாராஷ்டிரத்தின் மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ளது. திரிபலா சூரணத்தில் சேரும் தான்றிக்காயையும் கடுக்காயையும் அங்குள்ள மகாதேவ் கோலி பழங்குடியினர் உள்ளிட்ட மக்கள் சேகரிக்கின்றனர். புனேயைச் சேர்ந்த ஏ.இ.ஆர்.எஃப். என்ற ஆய்வு அமைப்பின் வழிகாட்டலில், 2010-களின் நடுப்பகுதியில் இக்காய்களுக்கு ஃபேர்வைல்ட் சான்று கிடைத்தது. பிரித்தானிய மூலிகைத் தேநீர் நிறுவனமான பக்கா ஹெர்ப்ஸ் அவற்றை வாங்கியது. பெரிய தான்றி மரங்களின் பொந்துகளில் இருவாட்சிப் பறவைகள் கூடு கட்டுகின்றன. காய்க்கு நிலையான விலை கிடைத்ததும், விறகுக்கும் மரத்துக்குமாக வெட்டப்படக்கூடிய மரங்களை விட்டுவைப்பதற்குக் காரணம் பிறந்தது.

ஆனால் அது காய், இது வேர். வேரை எடுத்தும் செடியைக் காக்கும் முறைகள் இல்லாமலில்லை. தென்னாப்பிரிக்கப் பகுதியின் கலஹாரி மணற்பரப்பில், மூட்டுவலி மருந்தாக ஐரோப்பாவில் விற்கப்படும் டெவில்ஸ் கிளா என்ற கொடியைத் தோண்டும் நமீபிய மக்கள், தாய்வேரைத் தொடாமல் பக்கக் கிழங்குகளை மட்டும் அறுத்தெடுத்துக் குழியை மூடிவிடுகின்றனர். சடாமாஞ்சிலின் உடலமைப்பு அத்தகைய வசதியைத் தரவில்லை. எனவே இங்கு சான்றிதழின் சுமை முழுவதும் அளவின் மீதும் இடைவெளியின் மீதுமே விழுகிறது. 2010-களின் பிற்பகுதியில், பிரித்தானிய அரசின் டார்வின் நிதியுதவியுடன், சைட்டீஸ் நிபந்தனைகளையும் ஃபேர்வைல்ட் நெறியையும் இணைத்து நேபாளத்தின் சடாமாஞ்சில் வணிகத்தைச் சீர்ப்படுத்தும் திட்டமொன்று தொடங்கப்பட்டது. கிராமக் குழுவின் பதிவேட்டையே ஏற்றுமதி அனுமதிக்குத் தேவையான அறிவியல் தரவின் ஓர் அங்கமாக்குவது இத்தகைய முயற்சிகளின் பயனுள்ள கூறு.

சான்றிதழுக்கும் வரம்பு உண்டு. தணிக்கைச் செலவு சிறு குழுக்களின் சக்திக்கு மேற்பட்டது. நன்கொடை நிதி நிற்கும்போது சான்றும் நிற்கும் ஆபத்து இருக்கிறது. மேலும் சடாமாஞ்சிலின் பெரும்பகுதி செல்வது ஐரோப்பாவுக்கு அன்று, இந்தியச் சந்தைக்கு. அங்கு மொத்த வாங்குநர்கள் கேட்பது விலையையும் மணத்தையுமே தவிர, வேர் எடுக்கப்பட்ட முறையை அன்று.

பயிரிட்டால் போதாதா?

காட்டை விட்டுவிட்டு வயலில் வளர்க்கலாமே என்ற கேள்வி எழுவது இயல்பு. கோட்டம் எனத் தமிழ் மருத்துவத்தில் வழங்கும் இமயத்து வேர், 1920-களிலிருந்தே இமாசலப் பிரதேசத்தின் லாகூல் பள்ளத்தாக்கில் பயிரிடப்பட்டு வருகிறது. இருந்தும் காட்டிலுள்ள கோட்டம் மீளவில்லை. 1985-ல் அது சைட்டீஸின் முதலாம் பட்டியலுக்கு, அதாவது காட்டுச் சரக்கின் வணிகத்தைத் தடுக்கும் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. விலை வீழ்ந்தபோது லாகூல் விவசாயிகள் உருளைக்கிழங்குக்கும் பட்டாணிக்கும் மாறினர்.

சடாமாஞ்சிலைப் பயிரிட முடியும் எனச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆனால் முற்றிய வேர் கிடைக்கச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். காட்டிலிருந்து முதலீடின்றி எடுத்த வேர் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் வரை, விதைத்துக் களையெடுத்து வேலியிட்டு வளர்த்த வேரால் அதனுடன் போட்டியிட முடியாது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: பயிரிட நிலம் வேண்டும். மூலிகையை நம்பியிருப்போர் பெரும்பாலும் நிலமற்றோர். காட்டிலிருந்து வயலுக்கு மாறும் வணிகம் செடியைக் காப்பாற்றக்கூடும். அதைத் தோண்டி வாழ்ந்த குடும்பத்தைக் கைவிடவும் கூடும். புவி வெப்பமடைவதால் உயர்மலைத் தாவரங்கள் மேலும் மேலே நகர வேண்டிய நிலையில், காட்டிலுள்ள மரபு வேற்றுமைகளைக் காப்பதற்கு வயல் ஈடாகவும் மாட்டாது.

கடைசிக் கண்ணி

இந்த வரலாற்றிலிருந்து தெளிவாகும் விடயம் ஒன்றுண்டு. பட்டியலும் தடையும் சான்றிதழும் பயிரிடுதலும் ஒவ்வொன்றும் ஒரு கருவி. அவை வேலை செய்வதற்கு அடிப்படையாக இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். தோண்டுபவருக்கு அதே சரிவுக்கு ஐந்து ஆண்டு கழித்தும் திரும்பி வரும் உறுதியான உரிமை இருக்க வேண்டும். அவர் பொறுத்திருந்ததற்குச் சந்தை விலை தர வேண்டும். முதலாவது நேபாள அரசின் கையில் உள்ளது. 2015-ல் இயற்றப்பட்ட அரசியலமைப்பின் கீழ் மாகாணங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் அதிகாரங்கள் பகிரப்பட்ட பின்னர், உயர் மேய்ச்சல் வெளிகளின் மீது கிராமங்களுக்கு மீண்டும் சட்டபூர்வ உரிமை கிடைக்குமா என்பது திறந்திருக்கும் கேள்வி.

இரண்டாவது நிபந்தனை பெரும்பாலும் இந்தியாவிலுள்ள மருந்து, தைல உற்பத்தியாளர்களின் கையில் உள்ளது. அவர்களது வாடிக்கையாளர்களுள் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் வாழ்பவர்களோடு, லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்களும் அடங்குவர். ஒரு புட்டியை வாங்குபவரால் ஒரு மலையைக் காப்பாற்றிவிட முடியாது. ஆனால், இதிலுள்ள சடாமாஞ்சில் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைக் கடைக்காரரிடமும், அவர் மூலம் உற்பத்தியாளரிடமும் கேட்க முடியும். இன்று அதற்கு விடை சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலர். வேறு பொருள்களுக்கு விளைந்த இடம் விலையின் ஒரு பகுதியாகிவிட்டது. தார்ஜிலிங் தேயிலையும் சிலோன் தேயிலையும் அவ்வாறே விற்கப்படுகின்றன.

முசிறியில் ஏற்றிய சரக்குக்குக் கப்பலின் பெயரோடு கணக்கு எழுதப்பட்டது. அது எழுதப்பட்டு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் கழித்தும், அதே வேரைத் தோண்டியெடுத்த கிராமத்தின் பெயர் மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அப்பெயர் மூட்டையின் மீது எழுதப்படும் நாளில்தான், அந்த வேரின் எதிர்காலத்திற்குப் பொறுப்பேற்கவும் அதற்கான பயனைக் கேட்கவும் அக்கிராமத்திற்கு வழி பிறக்கும்.